பச்சை வரும்வரை மறுபடி ஓட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. நெமிலிச்சேரியில் ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்திருந்த ஒரு காலையில், எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "அது தூங்கிக்கினே கெடந்துச்சுடி. தூக்கத்த எடுத்துட்டேன். இப்ப ஓட வுட்டா நல்லாதான் ஓடுது, திடீர்னு ஒரு வாட்டி வுழுந்துடுது" என்றாள் ஒருத்தி. "வுழுந்தா இன்னா, மறுபடி ஓட வுடு" என்றாள் மற்றவள். குழந்தையைப் பற்றியா, வண்டியைப் பற்றியா, யாருடைய மாமனாரைப் பற்றியா என்று அம்பத்தூர் வரும்வரை எனக்கு விளங்கவில்லை. இறங்கும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கம்ப்யூட்டரில் எழுதும் டெஸ்டுகளைப் பற்றி என்றாள். பிளாட்பாரத்தில் நின்றபடியே பாதி விளக்கினாள். மீதியைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், புரியாததைத் தாண்டிவிட்டேன்.

அவள் பெயரைக் கேட்க மறந்துபோனேன். பானுப்பிரியா என்று வைத்திருக்கிறேன். அவளைத் தவிர மற்ற ஆட்களும் நடப்புகளும் நான் கட்டியவை.

2

முதல் தொடக்கம்: "முத்தாபுதுப்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டது. பானுப்பிரியா ஜன்னலருகே நின்று—"

மழையில் தொடங்கினால் எதையும் சொல்லாமலே ஒரு பக்கத்தை ஓட்டிவிடலாம். அதனாலேயே விட்டேன்.

இரண்டாவது: "பச்சை என்பது நம்பிக்கையின் நிறம் என்றால், சிவப்பு—"

இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாவது, நேராக. பானுப்பிரியா வேலை பார்க்கும் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே எழுப்பிய மாடியில் இருக்கிறது. டயாலிசிஸ் சென்டர்களுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். எந்த நோயாளி எந்த நாளில், எந்த வேளையில், எந்த மெஷினில் படுப்பது என்று இடம் ஒதுக்குகிற மென்பொருள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு இன்னொரு மென்பொருள் உண்டு. அது பொய்யாக ஒரு நோயாளியை உண்டாக்கும். அவருக்குப் பொய்யாக ஒரு மெஷினைக் கேட்கும். சரியாகக் கிடைத்ததா என்று பார்க்கும். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான டெஸ்டுகள்.* தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு.

(* 'தானியங்கிச் சோதனை' என்று நல்ல தமிழ் இருக்கிறது. எஸ்டேட்டில் அப்படிச் சொன்னால் புகைச் சோதனைக்கு வண்டி கொண்டுவந்த ஆள் என்று நினைப்பார்கள்.)

தொல்லை என்னவென்றால், இத்தனையும் ஓடி முடிய அரை நாள் ஆனது. காலையில் ஓடவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முடியாது. ஒரு வரியை மாற்றிவிட்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. டெஸ்டை ஓட்டாமலே மாற்றங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். மானேஜர் வீரராகவன் அதைக் கவனித்தார். சென்டர்களை நடத்துகிற பெரிய டாக்டருக்குப் புது வெர்ஷனைக் காட்ட வேண்டியிருந்தது. பானுவைக் கூப்பிட்டு, டீ குடித்து முடிப்பதற்குள் எல்லா டெஸ்டும் ஓடி முடிகிற மாதிரி செய்துதரச் சொன்னார்.

3

பானுவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. லிப்ட் வரும்வரை நிற்கமாட்டாமல் படியேறுகிறவள். குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பைப் பத்து முறை எட்டிப்பார்க்கிறவள். அப்படிப்பட்டவளிடம் போய், காத்திருப்பதை ஒழித்துக்கட்டு என்று சொன்னால் கேட்க வேண்டுமா? சாப்பாட்டை மறந்து அதில் இறங்கினாள்.

ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென்று ஒரு முழு ஆஸ்பத்திரியைக் கட்டி, வேலை முடிந்ததும் இடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஆஸ்பத்திரியைக் கட்டிவைத்து, ஒவ்வொரு முறையும் தரையைத் துடைத்துக்கொடுத்தால் போதும் என்று மாற்றினாள். ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தவற்றைப் பல வரிசைகளாகப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டாள். கடைசியாகத் தூக்கங்கள். சர்வர் பதில் சொல்ல நேரமாகுமோ என்ற பயத்தில், 'இங்கே கொஞ்சம் சும்மா இரு' என்று டெஸ்டுகளுக்கு நடுவே அங்கங்கே எழுதிவைத்திருந்தார்கள். பதில் வந்த உடனே நகர்கிற மாதிரி எழுதிவிட்டு, அந்தத் தூக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டாள்.

(இந்த இடத்தில் நானும் சிலவற்றைப் பிடுங்கினேன். பானுவின் தங்கை கல்யாணப் பேச்சு, ஆவடி மார்க்கெட்டில் ஒரு மாலை, அவள் அப்பாவின் முழங்கால் வலி. நன்றாகத்தான் வந்திருந்தன. ஆனால் அவை இருந்தவரைக்கும் கதை நகரமாட்டேன் என்றது.)

ஒரு பிற்பகலில் எல்லா டெஸ்டும் ஓடி முடிந்தபோது அவள் கிளாஸிலிருந்த டீ இன்னும் சூடாக இருந்தது. திரை முழுக்கப் பச்சை. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வீரராகவன் கைதட்டினார். பார்க்கிற சந்தோஷத்துக்காகவே பானு மறுபடி ஓட்டினாள். பச்சை. இன்னொரு முறை ஓட்டினாள். அத்தனை பச்சைக்கும் நடுவே ஒரே ஒரு சிவப்பு.

திரும்ப ஓட்டினாள். பச்சை.

யாரோ, "சும்மா நெட்வொர்க்கா இருக்கும்" என்றார்கள். கூட்டம் கலைந்தது. அவளுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

4

சிவப்பான டெஸ்ட் எதுவென்று தேடி எடுத்துப் படித்தாள். இரண்டு கவுண்டர்களில் இரண்டு பேர், ஒரே மெஷினை, ஒரே நொடியில் பதிவு செய்தால் ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். அதைச் சரிபார்க்கிற டெஸ்ட் அது. சிவப்பானபோது இரண்டு பேருக்கும் அதே மெஷின் கிடைத்திருந்தது. அவள் பிடுங்கிய தூக்கங்களில் ஒன்று, அந்த இரண்டு கவுண்டர்களுக்கு நடுவில் இருந்தது. முன்பெல்லாம் முதல் ஆள் பதிந்து முடித்து மூச்சுவிட்ட பிறகுதான் இரண்டாவது ஆள் வருவார். அப்படி வந்தால் தவறு தலைகாட்டாது. இப்போது இரண்டு பேரும் உண்மையிலேயே ஒன்றாக வந்தார்கள்.

அதாவது டெஸ்ட் சரியாக இருந்தது. மென்பொருள்தான் தப்பு.

இனி உதயகுமார். முதல் வரைவில் இவனை மோசக்காரனாக எழுதினேன். மெல்லிய மீசை, எதற்கும் பிடிகொடுக்காத சிரிப்பு. படித்துப்பார்த்தபோது அந்த மீசை ஒட்டுமீசையாகத் தெரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

உதயகுமாரும் பானுவும் ஒன்றாக அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அவன் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவன்தான். அப்பாவும் சித்தப்பாக்களும் முதலில் பிறத்தியார் வயலில், அப்புறம் பிறத்தியார் பாக்டரியில் நின்றே காலம் கழித்தவர்கள். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அவர்கள் வேலையையும் சேர்த்து முடித்துக்கொடுப்பான், சொல்லிக்காட்ட மாட்டான். அந்த மென்பொருளில் பாதி அவன் எழுதியது. புது வெர்ஷன் போனதும் அவனை டீம் லீடராக்குவது என்று பேச்சு.

சிவப்பு வந்த சேதி கேட்டு அவனே பானுவைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப்போனான். பட்டறைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி இரண்டு டீ சொன்னான்.

"அந்த வெயிட்ட ஏன் எடுத்த?" என்றான். (தூக்கத்துக்கு அவன் சொல்லும் பெயர் வெயிட்.)

"எல்லாத்தையும்தான் எடுத்தேன்."

"அத்த வுட்டிருக்கலாம்ல. அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடந்துச்சு."

பானு அவனையே பார்த்தாள். "உனக்குத் தெரியுமா உதய்? ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின் விழும்னு?"

"மொத ரிலீஸப்போ ஒரு வாட்டி வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள பச்சை வேணும்னு நின்னாங்க. அப்பால பாத்துக்கலாம்னு வெயிட்ட போட்டேன். அப்பால எங்க பாக்க வுட்டாங்க?" கிளாஸைக் கீழே வைத்தான். "ஒரே நொடியில ரெண்டு பேரு எங்க பானு அழுத்தப் போறாங்க? நீயே சொல்லு."

அந்தக் கடைசிக் கேள்வியை அவன் வாதத்துக்காகக் கேட்கவில்லை. அப்படி நடக்காது என்று அவள் வாயால் கேட்க விரும்பினான். அவள் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

5

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பானு ஷேர் வேன் பிடித்துத் திருவேற்காட்டிலுள்ள சென்டருக்குப் போனாள். கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த வரலட்சுமியிடம் கேட்டாள். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நிற்பதுண்டா? அப்படியெல்லாம் இல்லை என்றாள் வரலட்சுமி. பானு நகராமல் நின்றாள். கூட்டம் குறைந்ததும் வரலட்சுமியே தணிந்த குரலில் பேசினாள்.

"எப்பனா ஒரு வாட்டி ஆவும். இங்க நானு பதியும்போது போன்ல பேஷன்ட் வூட்டு ஆளுங்களும் பதிவாங்க. ஒருத்தர உக்கார வெச்சிட்டு அடுத்த வேளைக்கு ஏத்திடுவோம். எம் பேர எங்கியும் சொல்லிடாதீங்க மேடம். வெளிய வந்தா, நாங்கதான் தப்பா பதிஞ்சோம்னுடுவாங்க."

சொல்லமாட்டேன் என்று பானு வாக்குக் கொடுத்தாள். யாரை உட்காரவைப்பீர்கள் என்று கேட்டாள். வரலட்சுமி சுவரோரப் பெஞ்சைக் கண்ணால் காட்டினாள்.

பெஞ்சில் வேம்புலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். "கால்கள் வீங்கி, கண்களில் ஏக்கத்தோடு—" என்று எழுதத் தொடங்கினேன். உங்களை அழவைக்கும் உத்தேசம் அந்த வாக்கியத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நிஜத்தில் அவள் அந்த இடத்திலேயே அதிகம் பேசுகிறவள். பூந்தமல்லிப் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணிகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். சூப்பர்வைசரின் நடையைப் பற்றிப் பேசிப் பக்கத்திலிருந்த இரண்டு நோயாளிகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பானு போய் உட்கார்ந்ததும் அவளுக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்தாள்.

அன்றைக்கும் அவளைக் காக்கவைத்திருந்தார்கள். ஒருமுறை அடுத்த வேளையும் நிரம்பிப்போய், ரத்தம் சுத்தம் செய்யாமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். தண்ணீர் உடம்பிலேயே தங்கி, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே விடிந்தது என்று, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஏன் சத்தம்போடவில்லை என்று பானு கேட்டாள்.

"யாராண்ட போட? ஒரே எடத்துல ரெண்டு பேரு பேரு வந்துட்ச்சு, கம்ப்யூட்டரு பண்ணதுன்றாங்க. அது இன்னா எனக்கு மாமனா மச்சானா, புடிச்சி நாலு கேள்வி கேக்க?" பிறகு பானுவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரும்மா, ஆஸ்பத்திரி ஆளா?"

["நான்தான் அந்தக் கம்ப்யூட்டர்" என்று பானுவைச் சொல்லவைத்தேன். அடித்துவிட்டேன். யாரும் அப்படிப் பேசுவதில்லை.]

"இல்லம்மா" என்றாள் பானு. உள்ளேயிருந்து வேம்புலியம்மாளைக் கூப்பிடும்வரை அங்கேயே இருந்தாள். அவள் எங்கேயும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

6

திங்கட்கிழமை வீரராகவனிடம், யார் பெயரையும் எடுக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுதாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் இடம் ஒதுக்குகிற பகுதியை அடியிலிருந்து மாற்ற வேண்டும், புது வெர்ஷன் தள்ளிப்போகும், டாக்டர் வேறு கம்பெனியைப் பார்ப்பார், மாடியிலிருக்கும் அத்தனை பேருக்கும் அது அடி என்று கணக்குப் போட்டார்.

"வெர்ஷன் போகட்டும்மா, அடுத்த மாசமே சரி பண்ணிடலாம். இப்போதைக்கு, விழுந்தா தானா மறுபடி ஓடுற மாதிரி வெச்சிடு. பச்சை வர்ற வரைக்கும் ஓடட்டும். டாக்டர் முன்னாடி சிவப்பு வேணாம்."

பானு மறுத்துவிட்டு வெளியே நடந்தாள் என்றுதான் எழுத ஆசைப்பட்டேன். அவள் நடக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். மேஜைக்குத் திரும்பி, அவர் சொன்னபடியே எழுதினாள். ஒரே வரி. அதற்குப் பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் பச்சைதான். அவளோ அன்று முழுக்க எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதும், குடிக்காமல் திரும்பி வருவதுமாக இருந்தாள்.

வேம்புலியம்மாளைப் பற்றி உதயகுமாரிடம் மட்டும் சொன்னாள். அவன் முகத்தை நிமிர்த்தாமல், "மூச்சு முட்டுச்சாமா?" என்று ஒன்றே ஒன்று கேட்டான். அடுத்த நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவன் போகவில்லை. இடம் ஒதுக்கும் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பானு பார்த்தாள். அவள் வருவது தெரிந்ததும் மூடிவிட்டான். அன்று மாலையே அவன் டீம் லீடர் என்ற அறிவிப்பு வந்தது. அவன் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தான். பானுவின் மேஜையில் ஒன்றை வைத்துவிட்டு நிற்காமல் போனான்.

(இந்தப் பத்தியை நான் பலமுறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் உதயகுமார் கொஞ்சம் நல்லவனாகவோ கொஞ்சம் கோழையாகவோ சாய்ந்தான். இப்போது இருக்கிறபடி விட்டிருக்கிறேன். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.)

7

டாக்டருக்குக் காட்டுகிற நாள். அவர் வீடியோ காலில், திரையில் இருந்தார். இன்னொரு கட்டத்தில் திருவேற்காடு சென்டரிலிருந்து அங்குள்ள மானேஜரும், கேட்டால் சொல்வதற்காக வரலட்சுமியும் இருந்தார்கள். மாடியில் வீரராகவன், பானு, உதயகுமார். வீரராகவன் அரை நாள் வேலை எப்படி ஒரு டீக்குள் அடங்கியது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஓட்டிக்காட்டச் சொன்னார்.

பானு கீபோர்டில் கை வைத்தாள். மறுபடி ஓட்டச் சொல்லும் அந்த ஒரு வரி அவள் கண்முன் இருந்தது. அழித்துவிட்டு ஓட்டினாள்.

அழிக்க வேண்டுமென்று அவள் வீட்டிலிருந்தே முடிவுசெய்து வந்தாளா என்று கேட்பீர்கள். இல்லை. கை அரித்தது, அழித்தாள். வீரமெல்லாம் பிற்பாடு நாம் ஒட்டவைப்பது.

ஓடி முடிந்தது. பச்சை. டாக்டர் தலையசைத்தார். இன்னொரு முறை ஓட்டட்டுமா என்று பானு கேட்டாள். வீரராகவன் வேண்டாம் என்பதற்குள் ஓட்டிவிட்டாள். பச்சை. மூன்றாம் முறை அவள் யாரையும் கேட்கவில்லை. சிவப்பு.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

பானு சொன்னாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள். இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பதிந்தால் ஒரே மெஷின் இரண்டு பேருக்குப் போகிறது, அது டெஸ்டில் மட்டுமில்லை, சென்டரிலும் நடக்கிறது, ஒரு நோயாளி அதனால் மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறார்.

டாக்டர் திருவேற்காட்டைக் கேட்டார். சென்டர் மானேஜர் பக்கத்தில் திரும்பினார்.

"அந்த மாதிரி எதுவும் இல்லீங்க சார்" என்றாள் வரலட்சுமி. கேமராவைப் பார்க்காமல் சொன்னாள்.

பானுவுக்கு வாய் வரைக்கும் வந்தது. பெயரைச் சொல்லலாம், கிழமையைச் சொல்லலாம், கவுண்டரில் என்ன பேசினார்கள் என்று சொல்லலாம். வாக்குக் கொடுத்திருந்தாள். வீரராகவன் உடனே குறுக்கே வந்து, டெஸ்ட் எழுதியதில் ஏதோ குறை இருக்கலாம், பானு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று சிரிக்கப்பார்த்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "டெஸ்ட் தப்பா, சாப்ட்வேர் தப்பா? அத எழுதினவர் யாரு? அவர் சொல்லட்டும்" என்றார்.

எல்லோரும் உதயகுமாரைப் பார்த்தார்கள்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் உதயகுமார், டெஸ்டில் ஒரு வெயிட் தேவை, அதை எடுத்ததால் வந்த கோளாறு இது என்கிறான். எல்லோர் முகமும் தெளிகிறது. பானு லேப்டாப்பை மூடுகிறாள். ஒரு மாதத்தில் வேறு வேலைக்குப் போகிறாள். சரிசெய்வதாகச் சொன்ன அடுத்த மாதம், அதற்கடுத்த மாதமாகிறது. எழுதும்போது கை தடங்கலில்லாமல் ஓடியது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதில் அவன் உண்மையைச் சொல்கிறான். வெயிட்டைப் போட்டதே நான்தான், தப்பு என்னுடைய மென்பொருளில் என்கிறான். டீம் லீடர் பதவி போகிறது. வெர்ஷன் நிற்கிறது. அவனும் பானுவும் சேர்ந்து உட்கார்ந்து இடம் ஒதுக்கும் பகுதியை அடியிலிருந்து எழுதுகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இத்தனை பிடிப்பதால், இது உதயகுமார் செய்தது அல்ல, நான் அவனைச் செய்யவைத்தது என்ற சந்தேகம் போகமாட்டேன் என்கிறது.

மூன்றாவதில் கரண்ட் போய்விடுகிறது. அதைக் கிழித்துப் போட்டேன்.

மறுபடி மறுபடி எழுதி, எனக்குப் பிடித்தது வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். வீரராகவன் சொன்ன வழி அது. அதனால் இங்கேயே நிறுத்துகிறேன்.

உதயகுமார் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப்போட்டுக்கொண்டான். பானுவைப் பார்க்கவில்லை. மைக்கை ஆன் செய்தான். தொண்டையைச் செருமியது எல்லோருக்கும் கேட்டது. பெரிய டாக்டர் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"சார்" என்றான்.

அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அவனோடு டீ குடித்திருக்கிறீர்கள், அவன் கேட்ட கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள், அவன் மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறீர்கள். அவன் என்ன சொன்னான்?